அடுத்தவர் காருக்கு ஜம்ப் ஸ்டார்ட் கொடுக்கப் போகிறீர்களா? முழுமையான வழிகாட்டி

காலை ஏழரை மணிக்கு அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி விழும்: "யார்கிட்டயாவது ஜம்பர் கேபிள் இருக்கா? வண்டி செல்ஃப் எடுக்கல." பத்து நிமிடத்தில் ஒருவர் கேபிளோடு வருவார், நான்கு பேர் யோசனையோடு வருவார்கள். சிவப்பு இங்கே, கறுப்பு அங்கே என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். ஒரு வண்டியின் பேட்டரியிலிருந்து இன்னொரு வண்டிக்குக் கரண்ட் கொடுத்துக் கிளப்புவதுதான் ஜம்ப் ஸ்டார்ட்; அது தப்பாகப் போவது பெரும்பாலும் இந்தக் கூச்சலில்தான்.

கேபிளோடு வரும் அந்த ஒருவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். வண்டி நின்றுபோனவருக்கு ஆபீஸ் அவசரம், பள்ளிக்கூட அவசரம். உங்களுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கிளிப்பை மாற்றி மாட்டினால் ஃபியூஸ், ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது), ஈசியூ (எஞ்சினை நடத்தும் கணினி) என்று உங்கள் வண்டிக்கும் செலவு வரும். அதனால் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்: நான்கு கிளிப்பையும் நானே மாட்டுவேன், நானே கழற்றுவேன், நான் சொன்ன பிறகுதான் நீங்கள் சாவியைத் திருப்ப வேண்டும். சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

சிக்கல் பேட்டரியில்தானா?

கேபிளைப் பிரிப்பதற்கு முன் அவரை ஒரு முறை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். 'டிக் டிக் டிக்' என்று வேகமாகத் தட்டும் சத்தம் வந்து, மீட்டர் விளக்குகள் மங்கி மங்கி எரிந்தால் பேட்டரி இறங்கிவிட்டது. இழுத்து இழுத்து 'ர்ர்... ர்ர்...' என்று சுற்றி நின்றாலும் அதே கதைதான். இந்த இரண்டுக்கும் ஜம்ப் ஸ்டார்ட் கை கொடுக்கும்.

ஒரே ஒரு 'டக்' சத்தம் வந்து, ஹெட்லைட் பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் செல்ஃப் மோட்டாரையோ அதன் இணைப்பையோ சந்தேகப்பட வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் அது எரிபொருள், சென்சார், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்புப் பூட்டு) சமாச்சாரம். உங்கள் பேட்டரியிலிருந்து எவ்வளவு கொடுத்தாலும் பயன் இருக்காது.

பானெட்டைத் திறந்ததும் அவருடைய பேட்டரி டெர்மினல் இரண்டையும் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதா? வண்டி ஆஃப் ஆகியிருக்கும்போது கிளாம்பைப் பிடித்து லேசாகத் திருகினால் அசைகிறதா? அசைந்தால் 10 எம்எம் ஸ்பேனரால் இறுக்கிவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பல வண்டிகள் அத்தோடு கிளம்பிவிடும், கேபிளுக்கே வேலை இருக்காது. பூத்திருப்பதைப் பிற்பாடு சமையல் சோடா கலந்த வெந்நீர் ஊற்றிக் கழுவிக்கொள்ளலாம். இப்போதைக்கு கிளிப் கவ்வும் இடத்தை மட்டும் பழைய துணியால் துடையுங்கள். துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதில் ஆசிட் இருக்கும்.

எப்போது மறுக்க வேண்டும்

பேட்டரி பக்கவாட்டில் உப்பியிருந்தால், பிளந்திருந்தால், ஆசிட் கசிந்திருந்தால், அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், கேபிளை மாட்டாதீர்கள். "ஒரே ஒரு தடவை பார்க்கலாம் சார்" என்று கெஞ்சினாலும் வேண்டாம். அந்தப் பேட்டரி மாற்ற வேண்டியது. கடைக்குப் போன் செய்தால் பல ஊர்களில் வீட்டுக்கே வந்து மாற்றிக் கொடுக்கிறார்கள்.

அடுத்தது வெள்ளம். சென்னையில் 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பார்க்கிங்கில் நின்றபடியே எத்தனையோ கார்கள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் பலருக்கும் முதலில் தோன்றியது, ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்கலாம் என்பதுதான். செய்யக்கூடாத காரியம் அது. ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது அந்தத் தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசி எடுக்காதவருக்கு இந்தச் செலவு கிடைப்பதும் கஷ்டம். இருக்கைக்கு மேல் தண்ணீர் ஏறிய வண்டி என்றால் பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் ஜம்ப் கொடுக்காதீர்கள். டோ செய்து ஒர்க் ஷாப்புக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் வண்டி இதற்குப் பொருந்துமா?

பெட்ரோலா டீசலா என்பது பெரிய விஷயமில்லை. வோல்டேஜ் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நம் கார்கள், ஜீப்புகள், சின்ன சரக்கு வண்டிகள் எல்லாம் 12 வோல்ட். பெரிய லாரியிலும் பஸ்ஸிலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டாக ஓட்டுகிறார்கள். நெடுஞ்சாலையில் நல்ல மனதோடு நிறுத்தும் லாரி அண்ணனிடம் தண்ணீர் கேளுங்கள், ஸ்பேனர் கேளுங்கள், பேட்டரியை மட்டும் கேட்காதீர்கள்.

பேட்டரியின் கொள்ளளவையும் பார்க்க வேண்டும், அதை ஆம்பியர் ஹவர் கணக்கில் சொல்வார்கள். சின்னப் பெட்ரோல் காரில் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி இருக்கும். பெரிய டீசல் வண்டியில் ஏறக்குறைய அதைப் போல இரு மடங்கு. சின்ன வண்டி பெரிய வண்டிக்குக் கொடுக்கவே முடியாது என்றில்லை. நேரடியாக செல்ஃப் அடிக்க விடாமல் கொஞ்ச நேரம் சார்ஜ் ஏற்றிவிட்டு முயன்றால் பெரும்பாலும் நடக்கும். பைக் பேட்டரியால் காரைக் கிளப்பும் யோசனையை யாராவது சொன்னால் சிரித்துவிட்டுக் கடந்துவிடுங்கள்.

உங்களுடையது எலக்ட்ரிக் காரோ ஸ்ட்ராங் ஹைப்ரிடோ (எஞ்சினோடு மின்மோட்டாராலும் ஓடுவது) என்றால் அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். அவற்றிலும் ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு. விளக்கு, கணினி, ரிலே இவற்றை எழுப்பத்தான் அது, செல்ஃப் மோட்டார் இழுக்கும் இருநூறு ஆம்பைத் தாங்குவதற்கு அல்ல. அதற்குச் சார்ஜ் கொடுக்கும் கன்வெர்ட்டர் கெட்டால் செலவு பெரிது. அதே எலக்ட்ரிக் வண்டியின் 12 வோல்ட் பேட்டரி இறங்கிப்போனால், சாதாரணக் காரிலிருந்து அதற்குக் கொடுக்கப் பல வண்டிகளின் கையேடுகளே வழி சொல்கின்றன. எந்தப் புள்ளியில் மாட்ட வேண்டும் என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். ஆரஞ்சு நிற வயர் எதையும் தொடவே கூடாது, அதில் உயர் வோல்டேஜ் ஓடும்.

கேபிள்

ஆன்லைனில் முந்நூறு ரூபாய்க்கு விற்கும் கேபிளில் தடிமனாகத் தெரிவது பெரும்பாலும் ரப்பர்தான். உள்ளே செப்பு பூசிய அலுமினியக் கம்பி கொஞ்சமாக இருக்கும். அட்டையில் '500 ஆம்ப்' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். கம்பியின் குறுக்களவைப் பாருங்கள்: பெட்ரோல் காருக்கு 16 சதுர மில்லிமீட்டர் செப்பு, டீசலுக்கு 25. நீளம் மூன்று மீட்டராவது வேண்டும். அபார்ட்மெண்டில் வண்டிகள் மூக்கைச் சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும், தூண் வேறு குறுக்கே இருக்கும். மெல்லிய கேபிள் செல்ஃப் அடிக்கும்போது தொட முடியாத அளவுக்குச் சுடும். அந்தச் சூடு எல்லாம் செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேராத மின்சக்தி.

வண்டியை நிறுத்துவது

இரண்டு பேட்டரியும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு, கேபிள் இழுபடாமல் எட்டும்படி உங்கள் வண்டியைக் கொண்டுவாருங்கள். பம்பரோடு பம்பர் தொடக்கூடாது. சுவரோடு ஒட்டி நிற்கும் வண்டியை நியூட்ரலில் போட்டு இரண்டு பேர் பின்னால் தள்ளிக்கொள்ளலாம். புஷ் பட்டன் ஆட்டோமேட்டிக்கில் பேட்டரி இறங்கினால் கியர் நியூட்ரலுக்கு வராமல் அடம்பிடிக்கும். அப்போது நீங்கள்தான் பக்கவாட்டில் போய் நிற்க வேண்டியிருக்கும்.

இரண்டிலும் ஹேண்ட் பிரேக், நியூட்ரல் அல்லது பார்க். இரண்டு எஞ்சினும் ஆஃப். ஏசி, ஹெட்லைட், பாட்டு எல்லாம் ஆஃப். சார்ஜரில் தொங்கும் போன், டேஷ்கேம் இவற்றைப் பிடுங்கிவிடுங்கள். துப்பட்டா, சேலைத் தலைப்பு, கழுத்துச் செயின், கையில் காப்பு எதுவும் பானெட்டுக்குள் தொங்கக்கூடாது. மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். உலோகக் காப்பு பாசிட்டிவ் டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டினால் நொடியில் பழுக்கக் காயும். பீடி சிகரெட் எல்லாம் தூரத்தில். கீழ்த்தளப் பார்க்கிங் என்றால் எஞ்சின் ஓடும் நேரத்தில் புகை தேங்கும். குழந்தைகளை வண்டியில் உட்காரவைக்காதீர்கள்.

நெடுஞ்சாலை என்றால் இதையெல்லாம் ஓடும் தடத்தில் நின்று செய்ய வேண்டாம். ஹசார்ட் விளக்கு, பின்னால் ஐம்பது மீட்டரில் எச்சரிக்கை முக்கோணம். அப்படியும் இடம் ஆபத்தாகத் தெரிந்தால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழைத்துவிட்டுத் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள்.

நான்கு கிளிப்

பாசிட்டிவ் எது என்பதை வயரின் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஹாரன், மியூசிக் சிஸ்டம் மாட்டிய கடைக்காரர் கையில் கிடைத்த டேப்பைச் சுற்றியிருப்பார். பேட்டரியின் மேல் அச்சாகியிருக்கும் கூட்டல் குறியைக் கண்ணால் பாருங்கள். தூசி மூடியிருந்தால் துடைத்துப் பாருங்கள். இரண்டு கம்பங்களில் பாசிட்டிவ் சற்றுத் தடித்திருக்கும். டார்ச் வேண்டுமென்றால் போன் வெளிச்சம் போதும், தீக்குச்சி கூடாது.

முதல் கிளிப்: சிவப்பு, நின்றுபோன வண்டியின் பாசிட்டிவ் டெர்மினலில். கவ்விய பிறகு லேசாக ஆட்டிப் பாருங்கள், பற்கள் உலோகத்தில் இறங்கியிருக்க வேண்டும். சிவப்பின் மறுமுனை உங்கள் கையில்தான் இருக்கிறது, அது எதிலும் படக்கூடாது.

இரண்டாவது: சிவப்பின் அந்த மறுமுனை, உங்கள் வண்டியின் பாசிட்டிவ் டெர்மினலில்.

மூன்றாவது: கறுப்பு, உங்கள் வண்டியின் நெகட்டிவ் டெர்மினலில். சிக்னலில் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகும் வகை வண்டியாக இருந்தால் நெகட்டிவ் டெர்மினலோடு ஒட்டி ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். அது பேட்டரி சென்சார். அதில் கவ்வாமல், எஞ்சின் அறையில் எர்த்துக்கென்று விட்டிருக்கும் போல்ட்டில் மாட்டுங்கள்.

நான்காவது கிளிப்பில்தான் விஷயம் இருக்கிறது. கறுப்பின் மறுமுனை நின்றுபோன வண்டியின் நெகட்டிவ் டெர்மினலுக்குப் போகக்கூடாது. அந்த வண்டியின் எஞ்சினிலேயே பெயிண்ட் இல்லாத, தடித்த உலோகம் ஒன்றில் மாட்ட வேண்டும். எஞ்சினைத் தூக்குவதற்கு விட்டிருக்கும் கொக்கி, ஆல்டர்னேட்டரைத் தாங்கும் பிராக்கெட், பெரிய போல்ட் ஏதாவது. பேட்டரியிலிருந்து முக்கால் கைத் தூரம், சுமார் 45 சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். பெல்ட், ஃபேன், டீசல் பெட்ரோல் பைப் பக்கத்தில் வேண்டாம்.

ஏன் இந்த வம்பு? கடைசிக் கிளிப் தொடும்போதுதான் சுற்று முழுமையாகிறது, அப்போது ஒரு பொறி கட்டாயம் பறக்கும். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். பொறி பேட்டரியின் தலைமேல் பறந்தால் மூடி வெடித்து ஆசிட் முகத்தில் தெறிக்கும். தினம் நடப்பதில்லை. 'நான் பத்து வருஷமா டெர்மினல்லயேதான் மாட்டறேன்' என்று சொல்பவர் எல்லா அபார்ட்மெண்டிலும் ஒருவர் இருப்பார். அவர் சொல்வது பொய்யும் இல்லை. ஆனால் எஞ்சின் உலோகமும் நெகட்டிவும் ஒன்றோடொன்று இணைந்தவைதான், கரண்ட் அதேபோல் போகும். ஒன்றரை அடி தள்ளி மாட்டுவதில் நமக்கு என்ன நஷ்டம்? அந்தக் கிளிப்பை வைக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், கண்ணாடி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். ஆசிட் கண்ணில் பட்டுவிட்டால் தேய்க்காமல், குறைந்தது பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சில வண்டிகளில் பேட்டரி டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ இருக்கும். அவற்றுக்கு பானெட்டுக்குள்ளேயே கூட்டல் குறி போட்ட சிவப்பு மூடியும், எர்த் முனையும் தனியாக வைத்திருப்பார்கள். அவற்றிலேயே மாட்டுங்கள்.

மாட்டி முடித்ததும் கேபிள் போகும் வழியை ஒரு முறை கண்ணால் தொடருங்கள். ரேடியேட்டர் ஃபேன் எப்போது வேண்டுமானாலும் தானாகச் சுற்றும், அதன் வாயில் கேபிள் தொங்கக்கூடாது.

ஸ்டார்ட்

இப்போது உங்கள் வண்டியை மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். செய்துவிட்டு... சும்மா இருங்கள். ஐந்து நிமிடம், அவருடையது பெரிய டீசல் என்றால் பத்து நிமிடம். ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து 1500 ஆர்பிஎம் பக்கத்தில் வைத்தால் போதும், உறும விட வேண்டியதில்லை.

இந்தக் காத்திருப்பைத்தான் எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள். ஒரு கணக்குப் போட்டால் அதன் மதிப்பு தெரியும். செல்ஃப் மோட்டார் 200 ஆம்ப் இழுத்து 3 நொடி சுற்றினால் செலவாவது 0.17 ஆம்பியர் ஹவர்கூட இல்லை. உங்கள் வண்டியிலிருந்து 20 ஆம்ப் வீதம் ஐந்து நிமிடம் போனால் 1.6-க்கு மேல் ஏறிவிடும், கிட்டத்தட்ட பத்து மடங்கு. அப்போது செல்ஃப் அடிக்கும்போது அவருடைய பேட்டரியும் ஒரு கை கொடுக்கும், உங்கள் வண்டியின் மேல் முழுச் சுமையும் விழாது. மெல்லிய கேபிளாக இருந்தால்கூட இந்த முறையில் பலமுறை வேலை நடந்துவிடும்.

அவர் சாவியைத் திருப்பும்போது உங்கள் எஞ்சின் ஓட வேண்டுமா, நிற்க வேண்டுமா? வண்டி செய்பவர்களிடமே இரண்டு கட்சி உண்டு. உங்கள் வண்டியின் கையேடு என்ன சொல்கிறதோ அதைக் கேளுங்கள். கையேடு கையில் இல்லை என்றால் ஓடட்டும் என்பது என் கட்சி.

அவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். டீசல் என்றால் மீட்டரில் சுருள் வடிவ மஞ்சள் விளக்கு அணைந்த பிறகு. ஒரு தடவைக்கு ஐந்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். பிடிக்கவில்லையா, ஒரு நிமிடம் விட்டு அடுத்தது. புஷ் பட்டன் வண்டி 'கீ இல்லை' என்று சொன்னால், பல வண்டிகளில் ரிமோட்டையே பட்டன்மேல் ஒட்டிவைத்து அழுத்தினால் எடுத்துக்கொள்ளும்.

மூன்று முறை ஆகியும் அதே 'டிக் டிக்' என்றால் பேட்டரியைக் குற்றம் சொல்லும் முன் கிளிப்பைப் பாருங்கள். எஞ்சினில் மாட்டிய கறுப்புக் கிளிப் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கிலோ பெயிண்டிலோ கவ்வியிருக்கும். இடத்தை மாற்றி, கொஞ்சம் தேய்த்து மாட்டி, இன்னும் ஐந்து நிமிடம் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பேட்டரியின் உள்ளே செல் போயிருக்கலாம், செல்ஃப் மோட்டாராக இருக்கலாம்; இனி மெக்கானிக் வேலை. மேனுவல் கியர் வண்டி என்றால் இரண்டாவது கியரில் தள்ளி ஸ்டார்ட் செய்யும் பழைய வழி இருக்கிறது. ஆனால் எஞ்சின் ஓடாத வரை ஸ்டியரிங் கனக்கும், பிரேக் கல்லாக இருக்கும். சரிவிலும் பார்க்கிங் சரிவுப்பாதையிலும் அதை முயலவே வேண்டாம்.

கழற்றுவது

வண்டி எடுத்ததும் எல்லாரும் கைதட்டிவிட்டுக் கிளிப்பைப் பிடுங்க ஓடுவார்கள். இரண்டு வண்டியும் ஐடிலில் இரண்டு மூன்று நிமிடம் ஓடட்டும். கழற்றும் முன் அவருடைய வண்டியில் ஏசி புளோயரையும் பின் கண்ணாடி டீஃபாகரையும் போடச் சொல்லுங்கள். கேபிள் பிரியும்போது வோல்டேஜ் ஒரு கணம் எகிறும், இவை அதைக் கொஞ்சம் உள்வாங்கிக்கொள்ளும்.

மாட்டிய வரிசைக்கு நேர் தலைகீழாகக் கழற்ற வேண்டும். முதலில் அவருடைய எஞ்சினில் உள்ள கறுப்பு, அப்புறம் உங்கள் நெகட்டிவில் உள்ள கறுப்பு, பிறகு உங்கள் பாசிட்டிவில் உள்ள சிவப்பு, கடைசியில் அவருடைய பாசிட்டிவில் உள்ள சிவப்பு. நான்கும் வெளியே வரும்வரை கிளிப்போடு கிளிப் உரசக்கூடாது.

டைனமோ, அதாவது ஆல்டர்னேட்டர், வேலை செய்கிறதா என்று பார்க்க ஓடும் எஞ்சினில் பேட்டரி டெர்மினலையே கழற்றும் பழக்கம் சில மெக்கானிக்குகளிடம் இன்னும் இருக்கிறது. அம்பாசடர் காலத்தில் பிழைத்த வித்தை அது. இன்றைய வண்டியில் செய்தால் ஈசியூ புகைந்துபோகலாம். யாராவது கை வைத்தால் தடுங்கள்.

அவரை அனுப்பும்போது

வழியில் டீக்கடையில் நிறுத்தி ஆஃப் செய்ய வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். ஏசி இல்லாமல் குறைந்தது முக்கால் மணி நேரம் நல்ல ஓட்டம் வேண்டும். நின்ற இடத்திலேயே ஐடிலில் விடுவதால் பெரிதாக ஏறாது. முக்கால் மணி ஓட்டமும் அடுத்த ஸ்டார்ட்டுக்குத்தான் உத்தரவாதம், முழுச் சார்ஜ் ஆகாது. பேட்டரி கடையில் ராத்திரி முழுக்க மெதுவாகச் சார்ஜ் போட்டு வாங்குவதுதான் சரியான வைத்தியம்.

மல்டிமீட்டர் இருந்தால் அங்கேயே ஒரு விஷயம் தெரிந்துவிடும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.8-லிருந்து 14.5 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் நலம். 13-க்குக் கீழே இருந்தாலோ மீட்டரில் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தாலோ சார்ஜ் ஏறவில்லை, வண்டி வழியில் நின்றுவிடும். நேராக ஒர்க் ஷாப். ஓய்வில் சில மணி நேரம் நின்ற நல்ல பேட்டரி 12.6 காட்டும், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி.

ஹெட்லைட்டை அணைக்க மறந்ததால் இறங்கியது என்றால் கவலையில்லை. காரணமே தெரியாமல் இறங்கியது என்றால் எவ்வளவு நாள் வண்டி நின்றது என்று கேளுங்கள். அலாரம், கடிகாரம், கணினி எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்ப் குடித்தால் நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர் போகும். 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி இரண்டு வாரத்தில் பாதியாகிவிடும். வெளியே வாங்கி மாட்டிய டேஷ்கேம், ஜிபிஎஸ் இருந்தால் இன்னும் சீக்கிரம். ஊருக்குப் போய் மாதக் கணக்கில் வண்டியை நிறுத்துபவர் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வந்து மாட்டும்போது கடிகாரத்தையும், தானாக ஏறும் ஜன்னலையும் மறுபடி செட் செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பேட்டரியில் தயாரித்த மாதமும் வருடமும் குறியீடாக அடித்திருப்பார்கள். நம் வெயிலுக்கு மூன்று நான்கு வருடம் தாண்டியிருந்தால் சார்ஜ் போட்டுக் காசைக் கரைக்காமல் புதிது வாங்கச் சொல்லுங்கள். பழையதைக் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.